மூச்சடக்காமற் கடலில் மூழ்குதல்

முத்துக்குளித்தலைப் பற்றி முப்பது ஆண்டுகளாக மாணாக்கர்க்குச் சொல்லி வருகிறேன். கற்பாரத்தின் துணையோடு, மூச்சையடக்கி, மன்னார்க் கடலிலே சிலாபத்துறைப் பக்கம் மூழ்கியோரின் கதை அது. சென்ற மாதம் என் தங்கை மகன் வேறொரு குளிப்பின் திட்டத்தைக் கொணர்ந்து என் முன் வைத்தான். மாலைதீவிலே ஏழு நாள் கப்பலிலேயே உண்டு உறங்கி, நாளொன்றுக்கு மும்முறை காற்றுக்கலத்தைத் தோளிற் சுமந்து கடலடியைக் காண்பதாம்.

"மாமா, நீங்களும் வாங்கோ" என்றான்.

அவன் கற்ற முதற்பாடம், மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது! ஆழத்திற் சுவாசித்த காற்று மேலெழும்போது விரியும். அடக்கினால் நுரையீரல் கிழியும். எனக்கோ இளமை தொட்டு இழுப்பு. மருத்துவப் படிவத்தில் அதனை மறைத்து எழுத மனம் ஒப்பவில்லை. ஆகவே மூழ்கும் பேச்சை விட்டுத் திட்டத்தைப் படிக்கலானேன்.

அதில் என்னை முதலிற் கவர்ந்தவை சொற்களே. பவழத்தீவு வளையத்தைக் குறிக்க உலகம் இன்று வழங்கும் 'அற்றோல்' என்பது அந்நாட்டுத் திவேகி மொழி தந்த சொல். பெரிய கப்பல் உறைவிடம் மாத்திரமே. காற்றுக்கலங்களையும் மூழ்குவோரையும் ஏற்றிச் செல்லும் சிறுகலத்துக்கு அங்கே 'தோணி' என்றே பெயர். யார் யாரிடம் கடன் கொண்டார் என்ற வழக்கை இங்கே எடுக்கேன்.

பயணத்துக்கு மாசி மாதத்தைக் குறித்திருந்தான். நீர் தெளிந்திருக்கும் காலம், நன்று. ஆனால் அனிபாறுக் குடாவிற் காற்றுக்கலத்தோடு மூழ்கிக் கொம்புத்திருக்கைக் கூட்டத்தைக் காண்பதென்றும் எழுதியிருந்தான். அவை அங்குத் திரள்வது தென்மேற்குப் பருவக்காற்று மிதவையுயிர்களைக் குவிக்கும் மாதங்களில். அன்றியும், 2012 முதல் அக்குடாவிற் காற்றுக்கலத்தோடு மூழ்குதல் தடை. மேலே மிதந்தே காணலாம். அவ்வரியை அடித்தான்.

அச்சந் தந்தது கடைசிப் பக்கம். கப்பற்காரர் தம் வழக்கப்படி இறுதி நாளை மூழ்காது விட்டிருந்தனர். இவனோ கரையிறங்கிய அன்று காலையே வேறோரிடத்தில் இன்னொருமுறை மூழ்கி, இரவு கொழும்பு விமானத்தைப் பிடிப்பதாக எழுதியிருந்தான். 30 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பினும் நான்கு மடங்கு. அங்கே நைதரசன் குருதியிலும் தசையிலும் கரைந்து தங்கும்; மெல்ல மெல்லவே வெளியேறும். விமானத்துள்ளே காற்றழுத்தம் தரையினுங் குறைவு. சோடாப் போத்தலைத் திறந்தாற்போல எஞ்சிய நைதரசன் குமிழிடும். மூட்டு நோவு முதல் முடக்கம் வரை விளையலாம். பல நாள் மூழ்கியவர் குறைந்தது 18 மணித்தியாலம் பொறுத்தல் வேண்டும். 24 ஆயின் இன்னும் நன்று.

"ஒரு நாள் விடுதிச் செலவு கூடும், மாமா."

"கூடட்டும்" என்றேன்.

விமானச்சீட்டை மறுநாளுக்கு மாற்றிவிட்டான். இனி அவனுடைய நண்பனின் காரியம். பயிற்சி முடிந்தபின் நான்கே முறை மூழ்கியவன். 18 மீற்றருக்குரிய சான்றிதழே கையிலுள்ளது. திட்டத்திலோ 'கண்டு' எனப்படும் கடல்வாய்கள் ஐந்து. நீரோட்டம் பாய்ந்து புகும் அவ்விடங்களிலேதான் சுறாக்கள் கூடும். புதியவனை ஓட்டம் அடித்துச் செல்வதும் அங்கேதான். பல கப்பல்கள் 30, 50 முறை மூழ்கிய பழக்கத்தைக் கேட்பது வீணன்று. இவ்வாண்டு நம் திருகோணமலைக் கடலிற் பழகிவிட்டு அடுத்த மாசியிற் செல்லும்படி இருவருக்கும் சொன்னேன். மருமகன் இசைந்தான்; நண்பன் இன்னும் வாய் திறக்கவில்லை.