குழந்தைத் துணியின் விலை

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்துப் பியோரியா நகரில், 1961-ஆம் ஆண்டின் இறுதியில், புரொக்டர் அண்டு கேம்பிள் கம்பெனியார் ஒருமுறை கட்டி எறிந்துவிடும் காகித டயப்பரைப் 'பாம்பர்ஸ்' என்ற பெயரில் பரீட்சார்த்தமாகக் கடைகளில் வைத்தபோது, குழந்தைகளைப் பெற்ற தாய்மார்கள் ஒன்றுக்குப் பத்து சென்ட் கொடுத்து அதைத் தினந்தோறும் வாங்க முன்வரவில்லை. சரக்கிலே குற்றமில்லை, விலையிலேதான் குற்றம் என்பதை உணர்ந்து, உற்பத்தியைப் பெருக்கி, விலையை ஏறத்தாழ ஆறு சென்ட்டுக்கு இறக்கிய பிறகே அந்தப் பண்டம் நாடெங்கும் பரவத் தொடங்கிற்று.

பத்து சென்ட் அதிகம் என்ற தீர்ப்புக்கு அளவுகோலாக நின்றது வீட்டிலே துவைக்கும் துணி. அதன் செலவில் துணியின் விலை உண்டு, சோப்பு உண்டு, வெந்நீர் உண்டு. அவிழ்த்து, அலசி, ஊறவைத்து, துவைத்து, உலர்த்தி, மடித்து வைப்பவளுடைய பொழுதுக்கு மட்டும் அங்கே விலை கிடையாது. அக்காலத்து அமெரிக்க நகரங்களில், அழுக்குத் துணிகளை வண்டியில் வந்து எடுத்துப்போய், வெளுத்துத் திருப்பித் தரும் டயப்பர்ச் சலவை நிலையங்கள் இருந்தன. வீட்டிற்குள் மறைந்து கிடந்த அந்தப் பிரயாசை, நிலையத்தார் நீட்டும் ரசீதிலே கூலியாக வெளிப்பட்டது. துணியே சிக்கனம் என்று சொல்லும் கணவன்மார், துவைக்கும் வேலையில் தமக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொள்ளாதவரையில், மனைவியின் நேரத்தைச் செலவிட்டுத்தான் சிக்கனம் பேசுகிறார்கள் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பணக் கணக்கோடு விவகாரம் நிற்கவில்லை. பூமிக்கு நேரும் செலவு எவ்வளவு என்ற சர்ச்சை எழுந்து, 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பாம்பர்ஸ் கம்பெனிக்காக ஆர்தர் டி. லிட்டில் நிறுவனத்தார் செய்த ஆராய்ச்சி காகிதத்துக்கு ஆதரவாகவும், டயப்பர்ச் சலவைத் தொழிலை நடத்துவோரின் தேசியச் சங்கத்துக்காகச் செய்த ஆராய்ச்சி துணிக்கு ஆதரவாகவும் முடிந்தன. எங்கே கணக்கைத் தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எத்தனை தடவை துவைப்பதாகக் கொள்வது என்ற அனுமானங்களிலேயே பாதி விடை அடங்கிவிடுகிறது.

இவற்றைவிடப் பொறுமையாகச் செய்யப்பட்டது, பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சி. ஒரு சிசுவுக்கு இரண்டரை ஆண்டுகளில் ஏறக்குறைய 3,800 காகித டயப்பர்கள் தேவைப்படும் என்று கொண்டு, மூலப்பொருள் முதல் குப்பைமேடு வரையில் கூட்டிப் பார்த்ததில், அவற்றின் பொருட்டு வெளியாகும் வெப்பமூட்டும் வாயுக்கள், கரியமில வாயுவுக்கு ஈடாகக் கணக்கிட்டால், சுமார் 550 கிலோ என்றும், துணிக்குச் சுமார் 570 கிலோ என்றும் தெரிந்தது. குப்பைமேட்டைக் கண்டுதான் நாம் அஞ்சுகிறோம். ஆயினும் காகித டயப்பரின் பெரும் பாரம் மரக்கூழையும் பிளாஸ்டிக்கையும் உண்டாக்கும் ஆலைகளிலேதான் இருக்கிறது. அந்தப் பாரத்தைக் காலப்போக்கில் குறைத்தது, நீரை உறிஞ்சிக் கூழாக இறுகும் ஒருவகைப் பாலிமர்த் தூள். சுத்த நீரானால் தன் எடையைப் போல் சில நூறு மடங்கு கொள்ளும் இத்தூள், உப்புக் கலந்த சிறுநீரானால் சில பத்து மடங்கோடு நின்றுவிடும். இவ்வினத்துப் பொருள்களில் முற்பட்ட ஒன்றைச் சோள மாவுச்சத்திலிருந்து ஆக்கியது, விந்தையாக, அதே பியோரியாவில் இருக்கும் அமெரிக்க விவசாயத் துறையின் ஆராய்ச்சிசாலைதான்.

துணியின் பாரமோ துவைப்பதிலும் உலர்த்துவதிலும் இருக்கிறது. ஒரு கிலோ தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 190 கிலோஜூல் உஷ்ணம் போதும். அதே தண்ணீரை ஆவியாக்கவோ ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வேண்டும், அதாவது பன்னிரண்டு மடங்கு. ஈரத்துணி விடும் ஒவ்வொரு துளிக்கும் இந்த உஷ்ணத்தை யாராவது கொடுத்தே தீரவேண்டும். கொடியிலே காயப்போட்டால் வெயிலும் காற்றும் இலவசமாகக் கொடுக்கின்றன, உலர்த்தும் யந்திரத்திலே போட்டால் மின்சார நிலையம் கொடுக்கிறது. எப்போதும் யந்திரத்திலேயே உலர்த்தும் வீட்டில் 570 கிலோ என்பது சுமார் 815 கிலோவாக ஏறுகிறது. யந்திரம் நிரம்பத் துணி போட்டுத் துவைத்து, வெளியே கொடியில் உலர்த்தி, அதே துணிகளை இரண்டாவது குழந்தைக்கும் உபயோகிக்கும் வீட்டிலோ அது சுமார் 200 கிலோ குறைந்துவிடுகிறது. ஆகவே துணி நல்லதா, காகிதம் நல்லதா என்பதைவிட, எந்த வீட்டில், எப்படி என்று கேட்பதே பொருந்தும்.

2023-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் இந்தக் கணக்கைப் புதுப்பித்து வெளியிட்டபோது, காகிதத்துக்கு 457 கிலோ, துணிக்கு 345 கிலோ என்று வந்தது. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் அந்நாட்டு மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு மிகவும் சுருங்கி, காற்றாலைகளின் பங்கு வளர்ந்திருந்தது. துவைப்பதற்குச் செலவாகும் மின்சாரமே துணிக்கணக்கில் பெரும்பகுதியாதலால், அந்த மாறுதலின் லாபம் துணியின் பக்கத்திலே அதிகமாகச் சேர்ந்தது.