புறவழிச் சாலை

பழந்தமிழர் நெடுஞ்சாலையைப் பெருவழி என வழங்கினர். தருமபுரிப் பகுதியில் கிடைத்த ‘அதியமான் பெருவழி’க் கல், வழிப்போக்கர் அறியுமாறு ஊரின் தொலைவைக் காட்டி நிற்கின்றது. வழி உள்ள இடத்தில் ஊர் வளரும். ஊர் வளர வளர, வழி குறுகும். இவ்வுண்மையைச் சென்னைக்கு மேற்கேயுள்ள ஊர்களிற் கண்கூடாகக் காணலாம்.

திருக்கச்சி நம்பிகள் தோன்றிய பூவிருந்தவல்லி, இன்று பூந்தமல்லி என வழங்குகின்றது. சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூர் வழியே சென்றது. ஆவடி, குன்றத்தூர், பரங்கிமலை ஆகிய இடங்களிலிருந்து வரும் சாலைகளும் இங்குக் கூடுகின்றன. ஆவடியில் 1961ஆம் ஆண்டில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், அம்பத்தூரில் 1964ஆம் ஆண்டில் தொழிற்பேட்டையும் தோன்றின. மாட்டு வண்டிக்கும் கால்நடைப் பயணத்திற்கும் ஏற்ற தெருக்களில் பேருந்துகளும் சரக்குந்துகளும் நெருங்கின. பள்ளி செல்லும் சிறுவர் சாலையைக் கடக்க அஞ்சினர். நோயாளியை ஏற்றிய ஊர்தியும் வழியின்றி நின்றது.

இந்நெருக்கடியைத் தீர்க்க வழிகள் இரண்டு. ஊர்நடுச் சாலையை அகலப்படுத்துதல் ஒன்று. ஆனால் அதற்கு வீடுகளையும் கடைகளையும் இடிக்க நேரும். ஊரின் புறத்தே வேறொரு சாலை அமைத்தல் மற்றொன்று. ஊருக்குள் அலுவல் இல்லாத ஊர்தி ஊருக்குள் நுழைய வேண்டுவதில்லை என்பதே இதன் அடிப்படை. இதுவே புறவழிச் சாலை எனப்படும்.

பூந்தமல்லிக்கு முதலில் அத்தகைய சாலை ஒன்று அமைந்தது. பின்னர், பெருங்களத்தூரிலிருந்து மதுரவாயல், அம்பத்தூர் வழியாகப் புழல் வரை ஏறத்தாழ 32 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னைப் புறவழிச் சாலை எழுந்தது. அதற்கும் அப்பால், வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை உருவாயிற்று. அதன் முதற்பகுதி, ஆவடியை அடுத்த நெமிலிச்சேரி வரை, 2014ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

இவற்றிற்குப் பொருள் எங்கிருந்து வருகின்றது? 1927ஆம் ஆண்டில் அமைந்த ஜெயகர் குழு, பெட்ரோல் மீது விதிக்கும் வரியைச் சாலைகளுக்குச் செலவிடலாம் எனப் பரிந்துரைத்தது. அதன் பயனாக 1929இல் மத்திய சாலை நிதி தோன்றியது. 2000ஆம் ஆண்டில் அதற்குத் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது. மாநில அரசும் தன் வரவு செலவுத் திட்டத்தில் நிதி ஒதுக்குகின்றது. சிலவிடங்களில் தனியார் முதலிட்டுச் சாலை அமைப்பர். அரசு அத்தொகையைத் தவணையாகச் செலுத்தும். வேறு சிலவிடங்களில் சாலையிற் செல்வோர் சுங்கம் செலுத்துவர். எம்முறையாயினும், இறுதியில் கொடுப்பவர் மக்களே.

பணம் மட்டுமோ விலை? வெளிவட்டச் சாலைக்கென 122 மீட்டர் அகலத்திற்கு நிலம் வகுக்கப்பட்டது. இத்தகைய சாலைகளுக்காக உழவர் தம் விளைநிலத்தை இழக்கின்றனர். அவர்களுக்கு நேரிய இழப்பீடு கிடைக்க 2013ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்கின்றது. ஏரிகள் மலிந்த இப்பகுதியில், நீர் ஓடும் வழியை அடைக்காமல் பாலமும் மதகும் அமைப்பதும் இன்றியமையாதது. நீரின் வழியை மறித்தால், மழைக்காலத்தில் ஊரே துன்புறும்.

இத்துணை விலை கொடுத்துப் பெற்ற பயன் நிலைக்க வேண்டுமன்றோ? பூந்தமல்லிப் புறவழியின் இருமருங்கும் நாளடைவில் கடைகளும் குடியிருப்புகளும் பெருகின. ஊருக்குப் புறத்தே சென்ற சாலை ஊருக்குள் அகப்பட்டது. ஓரத்தில் கடை விரிப்பதும், கண்ட இடத்தில் ஊர்தியை நிறுத்துவதும் தொடர்ந்தால், எந்தப் புறவழியும் மீண்டும் கடைத்தெருவாகும். அப்போது இன்னொரு சாலை வேண்டும். இன்னோர் உழவர் நிலம் இழப்பர். சாலை அமைப்பது அரசின் கடன். அதைச் சாலையாகவே காப்பது அரசுக்கும் மக்களுக்கும் பொதுவான கடனாகும்.