உண்ணி கொண்டுவரும் தைலேரியா

கூடலூர், பந்தலூர் பக்கம் கலப்பின மாடு வளர்ப்பவர்கள் காதுமடலிலும் மடியிலும் உண்ணி பிடுங்கிப் பழகியவர்கள். அது உறிஞ்சும் ரத்தத்தைவிட, உள்ளே விட்டுப்போகும் தைலேரியாதான் ஆபத்து. மலேரியாக் கிருமிக்கு உறவான ஒற்றைச்செல் ஒட்டுண்ணி அது. மாட்டுக்குக் காய்ச்சல் ஏறும், கண்ணின் உட்புறம் வெளுக்கும், பால் வற்றும்.

இந்தியாவில் அதிகம் பேசப்படும் இனம் தைலேரியா அனுலேட்டா. ஆனால் நீலகிரியை ஒட்டிய வயநாட்டில் கலப்பினப் பசுக்கள் இறந்தபோது, காரணம் தைலேரியா ஓரியன்டாலிஸ் என்று 2011-இல் வெளியான ஆய்வு மரபணுச் சோதனையால் காட்டியது. எல்லையின் இருபுறமும் ஒரே காடு, ஒரே மேய்ச்சல். அதை அயலூர்ச் செய்தியாக நாம் ஒதுக்க முடியாது.

சிவப்பணுவுக்குள் வாழும் பருவத்தில் இந்த ஒட்டுண்ணியின் மேற்பரப்பை ஒரு முக்கியப் புரதம் மூடியிருக்கிறது. மாட்டின் நோயெதிர்ப்பு முதலில் அடையாளம் காண்பது இந்தச் சட்டையைத்தான். அதனாலேயே, தையல் மாறிய சட்டைக்காரர்கள் தப்பிப் பெருகுகிறார்கள். ஓரியன்டாலிஸில் இந்தப் புரதத்தின் மரபணுவை வைத்து 11 வகைகள் பிரித்திருக்கிறார்கள். அவற்றுள் இகேடா என்ற வகைதான் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மந்தைகளை வாட்டியது. வகை பிரிக்க இவ்வளவு உதவும் புரதம், அதே காரணத்தால் தடுப்பூசிக்கு நம்பகமான இலக்கு ஆவதில்லை. அனுலேட்டாவின் இணையான புரதத்தைத் தனியே தயாரித்துச் செலுத்திய சோதனைகளில் கிடைத்தது பகுதிப் பாதுகாப்பே.

அப்படியானால் அனுலேட்டாவுக்கான தடுப்பூசியான ரக்ஷாவாக்-டி எப்படி வேலை செய்கிறது? அனுலேட்டா குடியேறிய வெள்ளையணுக்களை ஆய்வகத்தில் நெடுநாள் வளர்த்து, வீரியம் குறைத்து, உயிரோடு செலுத்துகிறார்கள். ஒரு புரதம் அல்ல, முழு ஒட்டுண்ணியே மாட்டுக்கு அறிமுகமாகிறது. ஒன்றிரண்டு புரதங்கள் மாறினாலும் மற்றவை கைகொடுக்கும். ஆப்பிரிக்காவின் தைலேரியா பார்வா இதற்கும் அசையாது. அங்கே மூன்று வெவ்வேறு ரகங்களைக் கலந்து செலுத்தி, கூடவே ஆன்டிபயாடிக்கும் போடுகிறார்கள்.

ஓரியன்டாலிஸுக்கு இன்னும் சந்தையில் தடுப்பூசி இல்லை, அனுலேட்டா ஊசியை அதற்கு நம்பவும் முடியாது. நுண்ணோக்கியில் சிவப்பணுவுக்குள் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஆகவே மாடு வெளுத்தால், மருந்து போடும் முன்பே ரத்த மாதிரி எடுத்துப் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.