மாரி மப்பில் மனம் சோரும்போது

கார்த்திகை பிறந்தால் முள்ளிவாய்க்காலில் வானத்தோடு கடலும் கறுத்துவிடும். ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் பெருங்கடல், இடையில் ஒடுங்கிய மணல் நிலம். வடகீழ்ப் பருவக்காற்று பிடித்துக்கொண்டால் வள்ளம் இறக்க முடியாது, கரைவலைக்கும் வேலையில்லை, கூலிக்குப் போகிறவர்களும் வீட்டில்தான். நாலைந்து நாள் வெயிலே காணாவிட்டால், "உடம்பெல்லாம் உளையுது, ஒன்றுக்கும் மனமில்லை, ஒரே யோசனை" என்று வீட்டுக்கு வீடு சொல்லக் கேட்கலாம். இதைப் பஞ்சி என்று ஏசுவதில் பயனில்லை. எடுத்த எடுப்பில் நோய் என்று பயப்படவும் தேவையில்லை.

வெளிச்சம் முற்றத்தில் இருக்கிறது

குளிர்காலந்தோறும் வந்து வசந்தத்தில் நீங்கும் மனச்சோர்வை, அமெரிக்க மனநல மருத்துவர் நோர்மன் ரோசன்தால் குழுவினர் 1984இல் விவரித்து எழுதினார்கள். பகல் மிகவும் சுருங்கும் நாடுகளில்தான் அது அதிகம். டிசெம்பரில் இலண்டனில் பகல் எட்டு மணித்தியாலம்கூட இல்லை. முல்லைத்தீவில் அப்போதும் பதினொன்றரை மணித்தியாலத்துக்கு மேல் பகல் உண்டு. அந்த நோயின் பெயரை வன்னிக்குக் கொண்டுவந்து ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்பின் மணிக்கூடு சரியாக ஓடும், இரவில் நித்திரையும் ஒழுங்காக வரும்.

மழைக்குக் கதவையும் யன்னலையும் சாத்திவிட்டு உள்ளே இருந்தால், மின்குமிழ் எரிந்தாலும் கிடைப்பது ஒருசில நூறு லக்ஸ் வெளிச்சம். அதே நேரம் மப்புப் போட்ட முற்றத்தில் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். ஆகவே மழை விட்ட இடைவெளியில் காலையில் அரை மணித்தியாலமாவது வெளியே நில்லுங்கள். மழை விடாவிட்டால் தாழ்வாரத்தில் கதிரையைப் போட்டுத் தேநீர் குடியுங்கள். மார்கழித் திருவெம்பாவைக்கு விடியப்புறம் எழும்பிக் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு நேரத்துக்கு எழும்புவது, நடப்பது, ஆட்களோடு கூடிப் பாடுவது, திரும்பி வரும்போது முதல் வெளிச்சம் எல்லாம் சேர்ந்தே கிடைத்துவிடுகின்றன. நத்தாருக்கு முன் தேவாலயத்தில் பாட்டுப் பழகுகிறவர்களுக்கும் கூட்டமும் பாட்டும் உண்டு. பக்தி இல்லாதவர்கள் கடற்கரைவரை நடந்துவிட்டு வரலாம்.

மனம் வரும் என்று காத்திருக்க வேண்டாம்

சோர்ந்த மனம் "நாளைக்குப் பார்ப்பம்" என்றுதான் சொல்லும். செய்தால்தான் மனம் வரும் என்கிற எளிய முறையிலேயே மனச்சோர்வுக்குச் சிகிச்சை அளிக்கிறார்கள். அதை இங்கிலாந்தில் ஒரு பெரிய ஆய்வில் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். குறைந்த பயிற்சி பெற்ற பணியாளர்கள் இந்த முறையில் அளித்த உதவி, தேர்ந்த சிகிச்சையாளர்கள் அளித்த பேச்சுச் சிகிச்சைக்குக் குறையாத பலனைத் தந்தது.

வேலையைச் சிறிதாக எடுங்கள். கிழிந்த வலையில் ஒரு முழம் பொத்துவது, கோழிக்கூட்டைத் துப்புரவாக்குவது, பனங்கிழங்குப் பாத்தியில் ஒரு வரிசை கிண்டுவது போதும். வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மண்வெட்டி பிடித்தாலும் அது கணக்கில் சேரும்.

மழைக்குப் படுத்தால் சுகமாகத்தான் இருக்கும். பகல் நித்திரை அரை மணித்தியாலத்தைத் தாண்டினால் இரவு நித்திரை கெடும், பிறகு யோசனைதான். தொழிலில்லாத நாளில் ஆண்கள் சாராயத்தையும் கசிப்பையும் தேடுவதை மூடிமறைத்துப் பயனில்லை. அது முதலில் தூங்கவைத்து, நடுச்சாமத்தில் எழுப்பிவிடும். அடுத்த நாள் சோர்வு இன்னும் கூடும்.

இடி முழங்கும்போது

இந்த ஊரின் மாரியை மழையோடு மட்டும் நிறுத்த முடியாது. நவம்பர் 27 மாவீரர் நாள். டிசெம்பர் 26, 2004இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்த நாள். 2018 டிசெம்பரில் வெள்ளம், 2020 டிசெம்பர் 2இல் புரேவிப் புயல். இடி இடித்தால் 2009 இறுதிப் போரின் செல்லடி நினைவுக்கு வந்து நெஞ்சு அடிக்கிறவர்கள் இங்கே பலர். அவர்களிடம் "எல்லாவற்றையும் மறந்து சந்தோசமாக இரு" என்று சொல்வது அறிவுரை ஆகாது.

அந்த நேரம் இரண்டு காலையும் நிலத்தில் அழுத்தி வையுங்கள். கண்ணுக்கு எதிரே இருக்கிற ஐந்து பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். மூச்சை உள்ளே இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடுங்கள். "இது இடி, நான் என் வீட்டில் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பயந்தால் அவர்களையும் மடியில் வைத்து இதையே செய்விக்கலாம். நினைவு நாளில் அழுகை வந்தால் அடக்க வேண்டாம். விளக்கேற்றுவதும், பெயர் சொல்லி அழுவதும், படையல் வைப்பதும் மனதை ஆற்றும் வழிகள்.

ஆளைத் தேடிப் போங்கள்

எனக்கு ஒன்றை மட்டும் தெரிவுசெய்யச் சொன்னால் ஆட்களோடு கூடியிருப்பதைத்தான் சொல்வேன். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது என்றும், ஆற்றுதலும் ஊரோடு சேர்ந்தே நடக்க வேண்டும் என்றும் எழுதிவந்தவர். சிம்பாப்வேயில் டிக்சன் சிபண்டா என்ற மனநல மருத்துவர், பயிற்சி கொடுத்த பாட்டிமாரை மருத்துவ நிலைய வாசலில் ஒரு வாங்கில் இருத்தினார். சோர்வோடு வருகிறவர்களின் கதையைக் கேட்டு, ஒரு பிரச்சினையை எடுத்து வழி தேட உதவுவதே பாட்டிமாரின் வேலை. வழமையான கவனிப்புப் பெற்றவர்களைவிட அந்த வாங்கில் இருந்து பேசியவர்களுக்கு மனச்சோர்வு நன்றாகக் குறைந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. நமக்கு வாங்கு வாங்கவும் வேண்டாம், திண்ணை இருக்கிறது.

சாப்பாட்டில் மனதை மாற்றும் மாயம் எதுவும் இல்லை. ஆனால் ஒடியல் கூழைத் தனியே காய்ச்சிக் குடிக்கிறவர் உண்டா? ஒரு பானை கூழ் என்றால் நாலு வீடு கூடும். அதற்காகவே காய்ச்சுங்கள். கணவனை, பிள்ளையை இழந்து தனியாக இருக்கிற அக்காவையும் அம்மாவையும் ஆள் அனுப்பிக் கூப்பிடுங்கள். ரொறன்ரோவில் இருக்கிற தம்பிக்கு இரவு ஏழு மணிக்கு அழைத்தால் அங்கே காலை எட்டரை. பனியில் வெயில் காணாமல் இருக்கிற அவனுக்கும் அந்தக் குரல் மருந்துதான்.

மழையில் பழி போடக் கூடாத சோர்வு

காய்ச்சலோடு உடம்புளைவு வந்தால் மனச்சோர்வு என்று இருந்துவிட வேண்டாம். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. வயலிலும் வெள்ளத்திலும் இறங்கியவர்கள் காய்ச்சல் வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஓயாத களைப்புக்கு இரத்தச்சோகையும் தைரொயிட் குறைவும் காரணமாகலாம். சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் நித்திரையும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் மாஞ்சோலையிலுள்ள மாவட்ட வைத்தியசாலைக்குப் போய்க் கேளுங்கள். "விசர்" என்று சொல்வார்களே என்ற கூச்சத்தில் நாள் கடத்தாதீர்கள். காலபோக நெல்லுக்கு வாங்கிய மருந்துப் போத்தல்களை வீட்டுக்குள் வைக்காமல் வெளியே பூட்டி வையுங்கள். இலங்கையில் 1995 அளவில் ஒரு இலட்சம் பேருக்கு 47 என்றிருந்த தற்கொலை வீதம், கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்த பிறகு பாதிக்கும் கீழே இறங்கியது. நஞ்சு கைக்கெட்டாத தூரத்தில் இருந்தாலே பல உயிர்கள் தப்பும். சாக வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ வந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். அழைத்த பிறகும் அவரைத் தனியே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.