முதுகு முழுக்கப் பச்சை குத்தப் போறீங்களா? கலைஞரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சிங்கப்பூரில் பச்சை குத்தும் கடைகளுக்குப் பெயர்போன இடம் ஃபார் ஈஸ்ட் பிளாசா. ஆனால் பெரிய படத்துக்கு எந்தக் கடை என்பதைவிட, யார் குத்துகிறார் என்பதே முக்கியம். மை தோலின் இரண்டாம் அடுக்கில் தங்கிவிடும். லேசர் சிகிச்சையிலும் முழுசாக மறையாமல் போகலாம்.

என்ன கவனிக்கணும்?

• புதிதாகக் குத்திய படம் பளிச்சுனுதான் இருக்கும். ஆறிப் பல மாதமான படங்களைக் காட்டச் சொல்லுங்க. கோடுகள் கலங்கியிருக்கா?

• நீங்க விரும்பும் பாணியில், அதே அளவில் செய்திருக்காரா? முகங்களை அருமையாக வரைபவருக்குக் கோல வடிவம் கைவராமல் போகலாம்.

• ஊசி ஒருவருக்கு ஒருமுறைதான். உங்க கண்முன்னே பிரிக்கணும்.

• முதுகு முழுக்க என்றால் பல தடவை போகணும். "ஒரே நாளில் முடிச்சிடலாம்" என்றால் யோசிங்க.

• தமிழ் எழுத்தும் வருதா? ஊசி படுமுன் தோலில் பதிக்கும் மாதிரியை நீங்களே படிச்சுப் பாருங்க. தமிழ் தெரியாத கலைஞருக்குப் புள்ளி வெறும் அலங்காரம். அது விடுபட்டால் 'கல்', 'கல' ஆகிடும்!