பருத்தியோடு ஒன்றிவிடும் சாயம்

பருத்தித் துணிக்கு நிறம் ஏற்றுவது எளிது. அதை நிலைக்கச் செய்வதே கடினம். நேரடிச் சாயங்கள் இழையைத் தளர்வாகவே பற்றியிருப்பதால் துவைக்கத் துவைக்க வெளுத்துவிடும். வாட் சாயங்கள் நீடித்து நிற்பவை. எனினும் அவற்றின் விலையும் செய்முறைச் சிக்கலும் சிறு சாயப்பட்டறைகளுக்கு ஒத்துவருவதில்லை. காரம் கலந்த நீரில் சில சாய மூலக்கூறுகள் பருத்தியின் செல்லுலோஸுடன் வேதிவினை புரிந்து, இழையின் பகுதியாகவே ஆகிவிடுவதை 1954-ல் இங்கிலாந்தின் இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்டிரீஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ராட்டி, ஸ்டீபன் ஆகியோர் கண்டறிந்தனர். 1956-ல் 'புரோசியான்' என்ற பெயரில் இந்த வினைபுரி சாயங்கள் விற்பனைக்கு வந்தன.

இத்துறையில் நம் நாட்டின் அறிவுப் பயிற்சிக்கு மும்பையின் மாதுங்கா முக்கியமான களம். ஆலைகள் நிறைந்த அந்நாளைய பம்பாயில் 1933-ல் பல்கலைக்கழகம் வேதித் தொழில்நுட்பத் துறையைத் தொடங்கியது. மாதுங்காவிலுள்ள இன்றைய வேதித் தொழில்நுட்ப நிறுவனம் அதன் வளர்ச்சியே. 1938-ல் அதன் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றவர் சென்னையில் பிறந்த கே. வெங்கட்ராமன். செயற்கைச் சாயங்கள் பற்றிய அவரது பெருநூலின் முதலிரு தொகுதிகள் 1952-ல் வெளிவந்தன. 1972-ல் வந்த ஆறாம் தொகுதி முழுவதும் வினைபுரி சாயங்களைப் பற்றியதே.

சாயமிடும் முறையைச் சற்று விரிவாகக் காண்பது நல்லது. பிற்காலச் சிக்கல் அதிலேயே அடங்கியிருக்கிறது. நீரில் பருத்தியும் சாயமும் எதிர்மின்னூட்டம் கொண்டு ஒன்றையொன்று விலக்குகின்றன. அவ்விலக்கத்தைத் தணிக்க, லிட்டருக்குப் பல பத்து கிராம் அளவில் உப்பு சேர்க்கப்படுகிறது. பின்னர் சோடா ஆஷ் சேர்த்ததும் பிணைப்பு நிகழ்கிறது. ஆனால் நீரும் சாயத்துடன் வினை புரியப் போட்டியிடுகிறது. நீரோடு சேர்ந்துவிட்ட சாயம் இழையில் ஒட்டாது. இவ்வாறு ரகத்தையும் செய்முறையையும் பொறுத்து 10 முதல் 40 சதவீதம் வரை சாயம் வீணாகிறது. உப்போ ஏறக்குறைய முழுவதுமாகக் கழிவுநீரில் சேர்கிறது.

திருப்பூர் இதன் விலையை அறிந்த ஊர். நொய்யல் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. நிறம் கண்ணுக்குத் தெரிவதால் பேச்செல்லாம் அதைப் பற்றியதாகவே இருந்தது. நிலத்தைக் கெடுப்பதில் பெரும்பங்கு உப்பினுடையது. நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பு உப்பை அகற்றாது. எதிர்ச்சவ்வூடு பரவலும் கொதிகலன் ஆவியாக்கலும் வேண்டும். இரண்டும் செலவு மிக்கவை. இரு வினைத்தொகுதிகள் கொண்ட சாயங்கள் இழையில் கூடுதலாக ஒட்டுகின்றன. குறைந்த உப்பில் இயங்கும் ரகங்களும் உண்டு. ஆயினும் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பட்டறை உரிமையாளர், விலையில் அதை ஈடுகட்ட ஏற்றுமதியாளர் இசைந்தாலன்றி அவற்றை நாடுவது அரிது.