மாம்பழம் எடுக்கத் திணறும் இயந்திரக் கை

புதுடெல்லி: உலகச் சதுரங்கச் சாம்பியன் காஸ்பரோவை 1997-இலேயே கணினி வென்றுவிட்டது. ஆனால், சித்தூர் மாங்கூழ் ஆலைத் தொழிலாளி நொடியில் செய்வதை, அதாவது குவியலிலிருந்து ஒரு பழத்தை நசுக்காமல் எடுப்பதை, ரோபோ இன்னும் திணறியே கற்கிறது. ஒரு பழம் மற்றொன்றை மறைக்கும். நிழலும் பழமாகத் தோன்றும். எங்கே பிடிப்பது, எவ்வளவு அழுத்துவது என்பதை ஒவ்வொரு முறையும் கேமரா வழியே புதிதாகக் கணிக்க வேண்டும்.

இத்தகைய ஆய்வுகளுக்காக 2018 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ரூ.3,660 கோடி திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மனிதருடன் இணைந்து பணியாற்றும் ரோபோக்களுக்கான மையம் டெல்லி ஐ.ஐ.டி.க்குச் சென்றது. ஆந்திரப் பிரிவினைச் சட்டத்தின் பயனாக 2015-இல் பிறந்த திருப்பதி ஐ.ஐ.டி.க்குக் கிடைத்தது, இருப்பிடத்தைத் துல்லியமாக அறியும் தொழில்நுட்பம். மாங்கூழ் ஆலைகளோ டெல்லியில் இல்லை. திருப்பதியின் பக்கத்தில் இருக்கின்றன.